நமது நிருபரின் மூன்று சூடு

களுவாஞ்சிக்குடிச் சந்தையில் நின்று கனகசிங்கத்தின் வீடு எது என்று கேட்டால் லேசில் பதில் கிடைக்காது. எந்தக் கனகசிங்கம் என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். 'நமது' வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். மீன் வெட்டுகிறவர் கத்தியை நீட்டியே வழி காட்டிவிடுவார்.

பத்தொன்பது வருஷம் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பியதில் அவர் சம்பாதித்த பட்டம் அது. குளக்கட்டு உடைந்தாலும், பாடசாலையில் பரிசளிப்பு நடந்தாலும், சந்தியில் கைக்குண்டு வெடித்தாலும், செய்திக்கு மேலே 'நமது நிருபர்' என்றுதான் அச்சாகும். ஊர்ச்சனம் கொஞ்சக் காலம் முழுதாகச் சொல்லிப் பார்த்தது. பிறகு நிருபரைக் கழற்றிவிட்டு நமதை மட்டும் வைத்துக்கொண்டது. "நமது போறாரு." "நமதுக்கு ஒரு தேத்தண்ணி போடு." ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அவர் மனைவி அன்னப்பூரணியை "நமதுட மனிசி" என்று கூப்பிட்டு, அதற்காக அன்னப்பூரணி இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தாள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு செய்தியின் தலையில், ஒரே ஒரு செய்தியின் தலையில், 'ச. கனகசிங்கம்' என்று தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். பெயர் போட்டால் உமக்குத்தான் ஆபத்து என்று பத்திரிகையில் சொல்வார்கள். அது பொய்யில்லை. பெயர் போட்டு எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும். ஆகவே ஆசையும் பயமும் ஒன்றாகவே அவரோடு திரிந்தன. செய்தியைத் தபாலில் போடும்போது ஆசை முன்னுக்கு நிற்கும், பத்திரிகை வரும்போது பயம் முன்னுக்கு வந்து, நல்ல காலம் போடவில்லை என்று மூச்சு விடும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. சமாதான காலம் என்று சொல்லிக்கொண்ட காலம். கொழும்பில் ஒரு நிறுவனம் 'டிஜிற்றல் ஊடகவியல், பட்டப்பின் டிப்ளோமா' என்று விளம்பரம் போட்டது. டிஜிற்றல் என்றால் என்ன என்பதில் கனகசிங்கத்துக்குத் தெளிவில்லை. ஆனால் விளம்பரத்தின் கடைசி வரி தெளிவாக இருந்தது: ஒவ்வொரு மாணவரும் தமது சொந்தப் பெயரில் ஓர் இணையத்தளம் நடத்த வேண்டும். அந்த வரியை அவர் எத்தனை தரம் வாசித்தார் என்று கேட்காதீர்கள். எப்போதோ வெளிவாரியாக, வீட்டிலிருந்தே படித்து எடுத்து, பெட்டிக்கு அடியில் கிடந்த பீ.ஏ. பட்டத்தைக் கரப்பான் எச்சம் தட்டி எடுத்து, நாற்பத்து மூன்றாவது வயதில் விண்ணப்பம் போட்டார்.

அன்னப்பூரணி தடுக்கவில்லை. "படிச்சு முடிச்சா உங்கட பேரப் போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். போடுவார்கள் என்றார். "அப்ப போயிட்டு வாங்க. நானும் நமதுட மனிசி இல்லாம ஆகிறன்."

வகுப்பு மாதத்தில் இரண்டு வார இறுதி. வழிநெடுகச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, பையைக் கொட்டிக் காட்டிக் கட்டி, கொழும்புக்குப் போய்ச் சேரும்போது ஆள் பாதியாகிவிடுவார். மிச்சப் பாதியை வகுப்பு பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு மாணவர்களில் பதினொரு பேர் அவருடைய வயதில் பாதி. அவர்கள் அவரை அங்கிள் என்றார்கள். விரிவுரையாளர் கைறுன்னிஸா கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், முப்பத்தொரு வயது, குரல் உயர்த்தாமலே ஆளை நிமிர்ந்து உட்கார வைப்பார். அவர் இவரைக் கனகசிங்கம் சேர் என்றார். இவர் அவரை மிஸ் என்றார். யார் யாருக்குப் படிப்பிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்டவர்கள் குழம்பியிருப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முயற்சியில் குறை வைக்கவில்லை. இணைப்பைச் சொடுக்கு என்றால் திரையைச் சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். கோப்பைச் சேமி என்றால் சேமித்தார், எங்கே சேமித்தார் என்று அவருக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது. கடைசியில் ஒருநாள் தளம் தயாராகி, மேலே தன் பெயரைத் தானே தட்டிவிட்டு, வேறொரு கணினியில் திறந்து பார்த்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெற்றுப் பெட்டிகள். பத்தொன்பது வருஷம் காத்திருந்த பெயர் பெட்டி பெட்டியாக வந்து நிற்கிறது. அந்தக் கணினியில் யூனிகோட் எழுத்துரு இல்லை, அதைப் போட்டால் சரியாகும் என்று கைறுன்னிஸா மிஸ் காட்டிக் கொடுத்தார். போட்டதும் பெட்டிகள் எழுத்தாகின. கனகசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

அன்னப்பூரணியின் சீதனக் காணி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கரடியனாற்றுக்கும் அப்பால் பெரியமருதடி வட்டையில் இருந்தது. வட்டை என்றால் ஒரு கண்டமாகக் கிடக்கும் வயல்வெளி. அன்னப்பூரணியின் அண்ணன் சீனித்தம்பிதான் அங்கே வாடி என்ற வயல் குடிசை போட்டுத் தங்கி விதைப்பதும் அறுப்பதும். அறுத்த கதிரைக் கட்டிக் கொண்டுவந்து வட்டமாக, ஆள் உயரத்துக்கும் மேலாக அடுக்கி வைப்பதற்குப் பெயர் சூடு. முதலில் சூடு வைப்பார்கள். பிறகு ஆளும், ஏறாவூர் ஆதம்பாவாக் காக்காவின் மிசினும் வந்ததும் சூடு அடித்து நெல் எடுப்பார்கள். இது அங்கே நடை பழகும் குழந்தைக்கும் தெரிந்த சொல். கனகசிங்கமும் சூட்டுக்கு அடியில் ஒளித்து விளையாடி, வைக்கோல் சொறியோடு வளர்ந்தவர்தான். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் மறந்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஆறு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. இறுதிச் செயன்முறைப் பரீட்சை. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை பன்னிரண்டு பேரும் தங்கள் தளத்தில் உடனடிச் செய்தி போட வேண்டும். முந்திப் போட்டதற்குப் புள்ளி, எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதற்குப் புள்ளி, இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்ததற்குப் புள்ளி. சித்தியடைந்தால் டிப்ளோமா. பத்திரிகையின் இணையப் பக்கத்தில் பெயரோடு எழுதவும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பிள்ளைகள் ஆளுக்கு எட்டுப் பத்துச் செய்தி போட்டுவிட்டார்கள். கனகசிங்கம் ஒன்றே ஒன்று போட்டிருந்தார்: களுவாஞ்சிக்குடியில் தேங்காய் விலை ஏற்றம். அதை ஆறு பேர் வாசித்திருந்தார்கள். அதில் அவர் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று பத்துக்கு அவருடைய கைத்தொலைபேசி ஒருதரம் முனகியது. சீனித்தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி. அப்போது கைத்தொலைபேசியில் தமிழ் கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவார்கள். இவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"வட்டையில சூடு. மூணு. முடிஞ்சிது. ஆள் இல்ல. உடன வாங்க."

கனகசிங்கம் உடனே திரும்பி எடுத்தார். நீங்கள் அழைத்த இலக்கத்துக்குத் தொடர்பு இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். இன்னும் இரண்டு தரம் எடுத்தார். அவள் சலிக்காமல் சொன்னாள். முதல் நிமிஷம் முழுக்க அவர் சீனித்தம்பியை நினைத்தார். செய்தி அனுப்பியிருக்கிறான், ஆகவே அவன் உயிரோடு இருக்கிறான், அந்த மூன்று பேர் யார், அறுவெட்டுக்கு வந்த சனமா, என்று தவித்தார். அது உண்மையான தவிப்பு, அதில் நடிப்பில்லை.

இரண்டாவது நிமிஷம் அவர் தட்டத் தொடங்கினார்.

அந்த இரண்டாவது நிமிஷத்தை நினைத்துத்தான் பிறகு காலமெல்லாம் வெட்கப்பட்டார். கண்ணில் ஈரம் இருந்தது, ஆனால் விரல் எழுத்துப் பிழை விடாமல் தட்டியது. 'பெரியமருதடி வட்டையில் துப்பாக்கிச் சூடு: மூவர் பலி.' அதற்கு மேலே, பளிச்சென்று, ச. கனகசிங்கம்.

இரண்டு பேரிடம் கேட்க வேண்டும் என்ற விதி நினைவில் இருந்தது. முதலாம் ஆள் சீனித்தம்பி. இரண்டாம் ஆளாகத் தன்னையே வைத்துக்கொண்டார். அந்த வட்டை தன் மனைவியின் வட்டை, தனக்குத் தெரியாததா என்று நியாயம் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டு நிமிஷத்தில் வெளிநாட்டுத் தளம் ஒன்று அதை அப்படியே தூக்கிப் போட்டது, 'நன்றி: ச. கனகசிங்கம்' என்று. அதைப் பார்த்து இன்னொன்று. இரண்டு மணிக்கு வானொலியில் வந்துவிட்டது. இரண்டரைக்கு மூவர் ஐவரானார்கள். ஒரு தளம் இவர்கள் சுட்டார்கள் என்றது, இன்னொன்று அவர்கள் சுட்டார்கள் என்றது. மூன்று மணிக்கு இரு தரப்பும் தாங்கள் சுடவில்லை என்று அறிக்கை விட்டன. யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் உண்மை சொன்னது அந்த ஒரு நாள்தான், அதையும் ஒருவரும் நம்பவில்லை.

கைறுன்னிஸா மிஸ் பலகையில் வாசகர் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு வந்தார். கனகசிங்கத்தின் பெயருக்கு நேரே பதினோராயிரம். அங்கிள், அங்கிள் என்று பிள்ளைகள் முதுகில் தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். துக்கமா பெருமையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத மாதிரிக் குனிந்தார்.

மூன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. சீனித்தம்பி. கனகசிங்கம் பாய்ந்துகொண்டு நடைக்கு ஓடினார்.

"மச்சான், கெதியாச் சொல்லுறன், கேளுங்க. நான் சூட்டுக்கு மேல ஏறி நிக்கிறன். இஞ்ச மட்டும்தான் சிக்னல் ஒரு கோடு எடுக்கு. ஆதம்பாவாக் காக்காட மிசின் ஏறாவூரில இருந்து வெளிக்கிட்டு வந்ததாம், பாதி வழியில திருப்பிப் போட்டாரு. இஞ்ச வெடி எண்டு ரேடியோவில சொன்னதாம். அறுக்க வந்த சனமும் ஓடிற்று. அதில ஓடின இரத்தினம்மாக்கா வரம்பில விழுந்து கால் புரண்டு கிடக்கா. ஆரோ ஒரு பேயன் இல்லாததப் பரப்பியிரிக்கான்."

 யாரும் சுடவில்லையா என்று கேட்டார் கனகசிங்கம்.

"ஆர் சுட்ட? மூணு சூடும் வச்சு முடிஞ்சிது, அடிக்க ஆள் இல்ல, உடன வாங்க எண்டு உங்களுக்கு அனுப்பினனே, கிடைக்கல்லயா?"

கிடைத்தது என்றார் கனகசிங்கம். அதற்குள் சீனித்தம்பி நின்ற சூடு சரிந்ததோ என்னவோ, தொடர்பு அறுந்துபோயிற்று.

நடையில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. முகத்தைக் கழுவினார். யாருக்கும் தெரியாது. அது மனதில் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். சூடு என்ற சொல்லைக் கொழும்பில் யார் அறிவார்? இரண்டு நாளில் உலகம் வேறு செய்திக்குப் போய்விடும், முதலாம் இடமும் டிப்ளோமாவும் பெயரும் இவரோடு நின்றுவிடும். அப்படியே இரண்டு மூன்று தரம் முகத்தைக் கழுவினார். பிறகு வரம்பில் கால் புரண்டு கிடக்கும் இரத்தினம்மா நினைவுக்கு வந்தாள். சனம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது. உள்ளே போனார்.

"மிஸ், அது நெல்லு."

கைறுன்னிஸா மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. எது நெல் என்று கேட்டார்.

"சூடு. வெடி இல்ல மிஸ். நெல்லுச் சூடு. அறுத்து அடுக்கி வைக்கிறது. மூணு சூடு வச்சு முடிஞ்சிது எண்டு என்ர மச்சான் எழுதியிருக்கார். நான் மூணு பேரச் சாக்காட்டிப் போட்டன்."

ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கனகசிங்கமும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. கைறுன்னிஸா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த பதினோராயிரத்தை அழிக்காமல் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். "திருத்தத்தை இப்பவே போடுங்க சேர். அதிலயும் உங்க பேர் இருக்க வேணும்."

போட்டார். 'மூன்றும் நெற்சூடே. என் பிழை. வருந்துகிறேன். ச. கனகசிங்கம்.' நாலு மணிக்குப் பரீட்சை முடிந்தபோது திருத்தத்தை நாலு பேர் வாசித்திருந்தார்கள். அதில் இரண்டு அவர். தூக்கிப் போட்ட தளங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டார். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்குப் போய் இறங்கியபோது அன்னப்பூரணி வாசலில் நின்றாள். அண்ணன் வயலில் மூன்று பேர் என்று வானொலியில் கேட்டு, அண்ணனைப் பேர் சொல்லி ஒப்பாரி வைத்து, அயலில் உள்ள பெண்களெல்லாம் வந்து சேர்ந்து அழுது, கடைசியில் அழ வைத்தது தன் புருஷன்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை, ஏசவில்லை. "பேர் போட்டுட்டாங்கதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைவிட இரண்டு அடி போட்டிருக்கலாம்.

மிசின் வராத அந்தக் கிழமை மழை வந்தது. மேட்டில் வைத்த இரண்டு சூடும் தப்பிவிட்டன. பள்ளத்தில் வைத்தது அடியிலிருந்து முளைத்துப் போயிற்று. ஆகவே செய்தி முழுப் பொய்யில்லை, மூன்றில் ஒன்று சரிதான் என்று சீனித்தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். 'ஆரோ ஒரு பேயன்' யார் என்று தெரிந்த பிறகும் அவன் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

ஆனால் கனகசிங்கத்தை உண்மையாக வறுத்தெடுத்தவள் இரத்தினம்மாதான். ஐம்பத்து மூன்று வயது, வட்டையில் கதிர் அறுப்பில் அவளை முந்த ஆள் இல்லை. கால் வீக்கத்துக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு இவர் பார்க்கப் போனார். அவள் காலை நீட்டி வைத்தபடி கேட்டாள்.

"மறுகா, அந்த மூணு பேர்ல நான் எத்தினையாவது ஆள் மனே?"

இவர் பல்லைக் காட்டினார். அன்றோடு விட்டாளா? சந்தையில் கண்டாலும், கோயிலில் கண்டாலும், பஸ்ஸுக்குள் கண்டாலும் அதே கேள்வி. "எத்தினையாவது ஆள் எண்டு இன்னும் சொல்லல்லயே நீ." சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவருக்கும் நாளடைவில் சிரிப்பு வந்தது. அவளுடைய கேள்வி இல்லாவிட்டால் அந்த நாளைத் தாங்கியிருக்க முடியாது என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

டிப்ளோமா கிடைத்தது, சாதாரண சித்தி. சரிபார்த்தலுக்குப் பூச்சியம், திருத்தத்துக்கு முழுப் புள்ளி. அதற்குள் சமாதான காலம் முடிந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் முன்பின் தெரியாத ஒரு குரல் தொலைபேசியில் மரியாதையாக, ச. கனகசிங்கமா கதைக்கிறது என்று கேட்டது. ஓம் என்றார். பெயர் போட்டு எழுதுகிறதை நிறுத்தினால் நல்லது என்றது. எந்தத் தரப்பு என்று அவர் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே தளத்தை அழித்தார். டிப்ளோமாவில் படித்ததில் அதை மட்டும் ஒருவரிடமும் கேட்காமல் செய்தார். திரும்பவும் நமது நிருபர் ஆனார். தளத்தோடு சேர்ந்து திருத்தமும் போயிற்று என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரைக்கு வந்து, பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் நிரம்பியது. இரத்தினம்மாவும் மகளோடு ஒரு கூடாரத்தில் இருந்தாள். அங்கேயும் இவரைக் கண்டதும் கேட்டாள். கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

வாடியில் விட்டுவிட்டு வந்த விதைநெல் மூட்டை ஒன்றை எடுக்க அவள் திரும்பிப் போனாள். எல்லாரும் மறித்தார்கள். விதைநெல் இல்லாமல் அடுத்த போகத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். பெரியமருதடி வட்டையில், சூடு வைக்கும் அந்த மேட்டடியில், எந்தப் பக்கத்து ஷெல் என்று தெரியாத ஷெல் விழுந்தது.

கனகசிங்கம் இந்தத் தரம் நாலு பேரிடம் கேட்டார். போய்ப் பார்த்து வந்தவனிடம் கேட்டார், மகளிடம் கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்டார், கிராம சேவகரிடம் கேட்டார். பெயர், வயது, ஊர், இடம், எதற்குப் போனாள், எல்லாம் எழுதி அனுப்பினார். பத்திரிகையில் மூன்று வரி வந்தது: 'ஷெல் வீச்சில் பெண் ஒருவர் பலி. நமது நிருபர்.' இடமில்லை என்று பெயரை வெட்டியிருந்தார்கள். பெயர் இல்லாமல் அச்சாவது எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியும். ஆனால் இவர் அதை உயிரோடு இருந்து பார்த்தவர்.

அப்போது கொழும்பில் சில பேர் சேர்ந்து, இறந்த பொதுமக்களின் பெயர்களை இடம் இடமாக ஓர் இணையத்தளத்தில் பதிந்துகொண்டிருந்தார்கள். அதிலாவது அவள் பெயர் இருக்கட்டும் என்று எழுதினார். பயத்தில் சொந்தப் பெயர் போடவில்லை, 'நமது நிருபர்' என்றே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தார். ஒரு கிழமையில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பெரியமருதடி வட்டையில் மூவர் இறந்தது ஏற்கெனவே பதிவாகியுள்ளது, தாங்கள் குறிப்பிடும் பெண் அவர்களுள் ஒருவரா என்பதை உறுதி செய்ய வேண்டும், மூலச் செய்தியை எழுதிய திரு. ச. கனகசிங்கத்தைத் தொடர்புகொள்ளவும்.

கனகசிங்கம் அதை ஹலீம் என்ற பொடியனுடைய கொமினிகேசன் கடையில், வாடகைக் கணினியில் இருந்து வாசித்தார். வாசித்துவிட்டு வெளியே போய் வீதியோரம் நின்றார். உலகத்தில் அவருடைய பெயர் பெயராக நிற்கும் ஒரே இடம் அதுதான். நடக்காத மூன்று சாவுக்குப் பக்கத்தில். அந்த மூன்று பேரும் அங்கே குந்திக்கொண்டு, உண்மையாகச் செத்தவளுக்கு இடம் விட மாட்டோம் என்கிறார்கள்.

கனகசிங்கத்தைத் தொடர்புகொண்டார். அது லேசான வேலையாக இருக்கவில்லை, அந்த மனிதர் இரண்டு நாள் யோசித்தார். பெயர் போட்டு எழுதினால் அந்த மரியாதையான குரல் மறுபடி எடுக்குமா என்று யோசித்தார். மூன்றாம் நாள் கடிதம் எழுதினார். ச. கனகசிங்கம் ஆகிய நான், நெல் விவசாயியின் மகன், நெற்சூட்டைத் துப்பாக்கிச் சூடு என்று எழுதினேன். அங்கே ஒருவரும் இறக்கவில்லை. அந்தப் பதிவையும் என் பெயரையும் நீக்கிவிடுங்கள். உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் சமாதான நீதவான் வினாயகமூர்த்தி கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்க இந்தப் பக்கத்து ஆள்தானே?" என்று கேட்டார். சந்தேகமாகத்தான் இருக்கிறது என்றார் கனகசிங்கம்.

கொழும்பிலிருந்து திரும்பக் கேட்டார்கள், சூடு என்றால் என்ன. இரண்டு பக்கத்தில் விளக்கினார். அவர் வாழ்நாளில் எழுதியதில் ஒரு வரியும் வெட்டப்படாமல் போய்ச் சேர்ந்த கட்டுரை அது ஒன்றுதான்.

மாதம் ஒன்று கழித்து, திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. ஹலீமின் கடைக்குப் போனார். வழமையான கணினியில் வேறு யாரோ இருந்தார்கள், மூலையில் இருந்த பழையதைக் காட்டினான். பக்கத்தைத் திறந்தார். பெரியமருதடி வட்டைக்கு நேரே ஒரே ஒரு வரி, அதில் வெறும் பெட்டிகள். வரிசையாகச் சின்னச் சின்ன வெற்றுப் பெட்டிகள்.

நமது கனகசிங்கம் பட்டப்பின் டிப்ளோமாக்காரர் அல்லவா. ஹலீமிடம் கேட்டுக்கொண்டு எழுத்துருவைத் தேடி இறக்கினார். அதை எங்கே சேமித்தோம் என்று இந்தத் தரம் தெரிந்திருந்தது. போட்டுவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தார்.

தம்பிப்பிள்ளை இரத்தினம்மா. வயது 54. ஆதாரம்: நமது நிருபர்.

அந்த வரிக்கு மேலேயும் ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை.  அவர் வாய்விட்டே சொன்னார்.

"நீங்க ஒராள்தான் அக்கா."

யாரோடு கதைக்கிறீர்கள் நமது என்று ஹலீம் கேட்டான். ஒருவரோடும் இல்லை, இதில் ஒரு கொப்பி எடுத்துத் தா, அவவுடைய மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.